கிளினிக்கில் பார்த்த கேஸை அறிக்கையாக எழுதி வெளியிடுவது எப்படி: பொதுப் பல் மருத்துவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கேஸ் ரிப்போர்ட் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் கணினியைத் திறந்ததும் 'முன்னுரை' என்று தட்டச்சு செய்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எழுதுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முந்தையதெல்லாம் நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே நடந்திருக்க வேண்டும்: சம்மதம், படங்கள், பரிசோதனைக் குறிப்பு, மறுபரிசோதனைத் தேதி. இவை இல்லாமல் எழுதத் தொடங்கினால், எடுக்காமல் விட்ட எக்ஸ்ரேயை வார்த்தைகளால் ஈடுகட்டப் பார்ப்போம். ஆய்விதழின் மதிப்பாய்வாளர் அதை முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்.

இது சிங்கப்பூரில் அக்கம்பக்கத்து கிளினிக்கிலோ பலதுறை மருந்தகத்திலோ வேலை பார்க்கும் பொதுப் பல் மருத்துவர்களை மனத்தில் வைத்து எழுதியது. பல்கலைக்கழக வேலையோ ஆராய்ச்சி உதவியாளரோ இருக்க வேண்டியதில்லை.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனைக் கேஸை வைத்துக்கொள்வோம். 11 வயதுச் சிறுமி. கீழ் வலது இரண்டாம் முன்கடைவாய்ப்பல், அதாவது பல் எண் 45. சொத்தை இல்லை, அடிபடவும் இல்லை. ஆனால் ஈறில் சீழ் வடியும் துளை. எக்ஸ்ரேயில் வேர்நுனி இன்னும் மூடவில்லை. உற்றுப் பார்த்தால் மேற்பரப்பின் நடுவில் ஒரு சிறு முகடு உடைந்த தடம். டென்ஸ் எவாஜினேட்டஸ், அதாவது பல்லின் மேற்பரப்பில் கூடுதலாக ஒரு சிறு முகடு இருக்கும் வளர்ச்சி மாறுபாடு. கிழக்காசிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுவதால் இங்குள்ள பல் மருத்துவர்கள் பலருக்குப் பழக்கமான காட்சிதான்.

1. எழுதத் தகுந்த கேஸா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'அபூர்வமான கேஸ்' என்பது மட்டும் போதாது. படிக்கும் இன்னொரு பொதுப் பல் மருத்துவர் திங்கட்கிழமை காலை தன் கிளினிக்கில் எதை வேறு மாதிரிச் செய்வார்? இந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் கேஸ் இன்னும் பழுக்கவில்லை.

நம் சிறுமிக்கு அந்த வாக்கியம் இப்படி இருக்கலாம்: 'சொத்தையில்லாத முன்கடைவாய்ப்பல்லில் சீழ் என்றால் உடைந்த முகட்டைத் தேடுங்கள், மறுபக்கத்தில் அதே பல்லையும் பாருங்கள், அதை இன்னும் காப்பாற்றலாம்.' இரண்டாவது பாதிதான் இந்த அறிக்கையின் உயிர். இடப்பக்கத்தின் அதே பல்லான 35இல் முகடு உடையாமல் இருந்து, அதை ரெசினால் சுற்றிப் பாதுகாத்து, பல்கூழ் உயிரோடு இருப்பதை ஒரு வருடம் கழித்துக் காட்ட முடிந்தால், ஒரே வாயில் சிகிச்சையும் தடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

புதியவர்கள் இங்கே செய்வது: வேர் முற்றாத பல்லில் இரத்தக் கசிவை உண்டாக்கிச் செய்யும் மறுவளர்ச்சிச் சிகிச்சையை 'புதிய முறை' என்று எழுதுவது. அந்த முறை பரவலாகக் கவனம் பெற்றதே 2001இல் இவாயா குழுவும் 2004இல் பான்ச்ஸ், டிரோப் இருவரும் எழுதிய கேஸ் ரிப்போர்ட்களால்தான். இரண்டிலுமே கீழ் வலது இரண்டாம் முன்கடைவாய்ப்பல்தான். அதையே இன்று புதுமை என்று அனுப்பினால் எடிட்டர் சுருக்கத்தோடு நிறுத்திவிடுவார்.

மருந்துப் பக்கவிளைவு சார்ந்த கேஸ்களுக்கு எப்போதும் மதிப்பு உண்டு. எலும்புச் சிதைவைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுத்தவர்களுக்குத் தாடை எலும்பு வெளியே தெரிவதைப் பற்றி 2003இல் மார்க்ஸ் எழுதிய கடிதத்தில் இருந்தது 36 நோயாளிகள்தான். பெரிய சோதனைகள் வருமுன் எச்சரிக்கை வந்தது அப்படித்தான். இன்று எலும்புத் தேய்வுக்கு டெனோசுமாப் போன்ற ஊசி போட்டுக்கொள்ளும் முதியவர்கள் நம் கிளினிக்குகளுக்கு நிறைய வருகிறார்கள். ஆனால் 'டெனோசுமாப், பல் பிடுங்கியது, புண் ஆறவில்லை' என்பது மட்டும் இப்போது செய்தி இல்லை. புதிய மருந்து, எதிர்பாராத இடம், அல்லது பல் பிடுங்காமலே வந்தது என்று ஏதாவது இருக்க வேண்டும்.

2. நோய் நிர்ணயத்துக்கு வரையறை இருந்தால் அதை அன்றே சரிபார்த்துவிடுங்கள்

சிறிய படிதான், ஆனால் நிறைய அறிக்கைகள் இங்கேதான் விழுகின்றன. மேலே சொன்ன தாடை எலும்புப் பிரச்சினையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வாய், முகத் தாடை அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 அறிக்கைப்படி, எலும்பு 8 வாரத்துக்கு மேல் வெளியே தெரிய வேண்டும் அல்லது துளை வழியாகத் தொட்டறிய முடிய வேண்டும். அந்த மருந்துகள் எடுத்திருக்க வேண்டும். தாடைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கக்கூடாது, அங்கே புற்றுநோய் பரவியிருக்கவும் கூடாது. மூன்றாவது வாரத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெயரைத் தலைப்பில் போட்டால், மதிப்பாய்வாளரின் முதல் கேள்வி '8 வாரம் எங்கே?' என்பதாகத்தான் இருக்கும்.

அதனால் வரையறையை அச்செடுத்து ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே உங்கள் பதிவில் எந்தத் தேதியில் ஆதாரம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் இல்லாத இடத்தை நோயாளி வந்துபோகும் காலத்திலேயே நிரப்ப முடியும். ஆறு மாதம் கழித்து முடியாது.

3. சம்மதம்: படங்களுக்கு முன்னால், சிகிச்சைச் சம்மதத்திலிருந்து தனியாக

கிளினிக்கில் நோயாளி கையெழுத்திடும் வழக்கமான படிவம் சிகிச்சைக்கானது. 'கல்வி நோக்கத்துக்காகப் படங்கள் பயன்படுத்தப்படலாம்' என்று அதன் அடியில் ஒரு வரி இருந்தாலும் வெளியீட்டுக்கு அது போதாது. தனிப் படிவம் வேண்டும். சில ஆய்விதழ்கள் தங்கள் சொந்தப் படிவத்தில் கையெழுத்து இல்லாவிட்டால் கட்டுரையைத் தொடவே மாட்டா. 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' அப்படிப்பட்டது. ஆகவே எங்கே அனுப்பப்போகிறோம் என்று ஓரளவு யோசித்துவிட்டு, அந்தப் படிவத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைப்பது நல்லது.

சம்மதம் கேட்கும்போது நோயாளிக்குப் புரிய வேண்டியவை நான்கு. யார் படிப்பார்கள்: இணையத்தில் வந்தால் உலகில் யாரும் படிக்கலாம், பல் மருத்துவர்கள் மட்டுமல்ல. பெயர் வராது, ஆனால் தெரிந்தவர் யாராவது ஊகித்துவிட மாட்டார் என்று முழு உத்தரவாதம் தர முடியாது. வெளிவரும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், வெளிவந்த பின் முடியாது. மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது.

இதை நோயாளியின் மொழியில் சொல்லுங்கள். நம் கிளினிக்குகளில் வயதான தமிழ் நோயாளிகள் 'நீங்க பார்த்துச் செய்யுங்க டாக்டர்' என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். 'தமிழ் முரசுல வருமா?' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள். விஷயம் என்னவென்று யோசிக்கிறார் என்று அர்த்தம். மலாய், சீனம் பேசும் நோயாளிக்குக் கிளினிக் உதவியாளர் மொழிபெயர்த்தால் அவர் பெயரையும் படிவத்தில் எழுதுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு அடுத்த முறை தரச் சொல்வது இன்னும் நல்லது.

21 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வாங்குவதே பாதுகாப்பு. நம் சிறுமிக்கு அம்மாவோ அப்பாவோ கையெழுத்திட வேண்டும். ஆனால் 11 வயதுக் குழந்தைக்கும் புரியும். அவளிடமும் கேளுங்கள், வேண்டாம் என்று தலையாட்டினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு முன்னால்? பல் சரியாகிவிட்டால் பலர் திரும்ப வருவதில்லை. வீடு மாறுவார்கள், வெளிநாடு போவார்கள், தொலைபேசி எண் மாறும். எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துக்காக அலைவது இந்த வேலையிலேயே மிக அலுப்பான பகுதி. பல நல்ல கேஸ்கள் இந்த ஒரு காகிதம் இல்லாமல் கணினிக்குள்ளேயே கிடக்கின்றன.

இன்னொன்று: ஆய்விதழுக்குத் தந்த சம்மதம் கிளினிக்கின் முகநூல் பக்கத்துக்குச் செல்லாது. சிங்கப்பூரில் சுகாதார விளம்பரத்துக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே படிவத்தில் கலக்காதீர்கள்.

4. கிளினிக் உரிமையாளர், நெறிமுறைக் குழு: இருவரிடமும் எழுத்தில் பதில் வாங்குங்கள்

குழும கிளினிக்கில் வேலை செய்பவர் மறந்துபோவது இது: நோயாளிப் பதிவுகள் உங்கள் சொத்து அல்ல. அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு உரிமம் பெற்ற கிளினிக்குடையது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ன் கீழ் பதில் சொல்ல வேண்டியதும் அந்த நிறுவனம்தான். ஆகவே ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி அனுமதி வாங்குங்கள். வேலை மாறிய பிறகு பழைய கிளினிக்கின் எக்ஸ்ரேயைக் கேட்டுப் போனால் கதவு திறக்காது. பென்டிரைவில் முன்பே எடுத்துவந்தது என்றால் அது அதைவிட மோசம்.

நெறிமுறைக் குழு விஷயத்தில் பொதுவான நடைமுறை: ஒன்று முதல் மூன்று நோயாளிகள் வரை, நடந்த சிகிச்சையைப் பின்னோக்கிப் பார்த்து எழுதினால் அதை ஆராய்ச்சியாகக் கணக்கிடுவதில்லை. அதற்கு மேல் போனாலோ, எழுதுவதற்காகவே சிகிச்சையை மாற்றினாலோ, கூடுதலாகத் திசு எடுத்தாலோ அது வேறு கதை. மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் 2015 குறுக்கே வரலாம். பொதுத்துறைக் குழுமங்களில் இருப்பவர்கள் தங்கள் குழுமத்தின் நெறிமுறைக் குழு விதியைப் பாருங்கள். ஆய்விதழ் சமர்ப்பிப்புப் பக்கத்தில் 'நெறிமுறை அனுமதி எண் அல்லது விலக்குக்கான காரணம்' என்று ஒரு பெட்டி கட்டாயம் இருக்கும். அந்தப் பெட்டியை நிரப்ப வாய்மொழி உறுதி உதவாது.

5. பதிவுகள்: இரண்டாம் முறை கிடைக்காது

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பரிசோதனைக் குறிப்பில் எண்கள் வேண்டும். 'பல் ஆடுகிறது, பை ஆழமாக இருக்கிறது' என்பது கேஸ் கார்டுக்குப் போதும், அறிக்கைக்குப் போதாது. ஆறு இடங்களில் ஈறுப் பையின் ஆழம், அசைவின் தரம், தட்டினால் வலியா, குளிர்ச் சோதனைக்குப் பதில் என்ன. குளிர்ச் சோதனையைப் பக்கத்துப் பல்லிலும் எதிர்ப்பக்கத்தின் அதே பல்லிலும் செய்து எழுதுங்கள். ஒப்பிட எதுவும் இல்லாத சோதனை முடிவுக்கு மதிப்பில்லை. வேர் முற்றாத பல்லில் அந்தச் சோதனையே அவ்வளவு நம்பகமானதும் இல்லை.

சீழ்த்துளை இருந்தால் ஒரு கட்டா பெர்ச்சா முனையை (வேர்க்கால்வாயை அடைக்கும் ரப்பர் போன்ற குச்சி) உள்ளே விட்டு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சீழ் எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்பதை இந்த ஒரே படம் சொல்லிவிடும். சிகிச்சை தொடங்கியதும் துளை மூடிக்கொள்ளும், அப்புறம் நிரூபிக்க வழியில்லை.

எக்ஸ்ரே எடுக்கும்போது ஹோல்டர் பயன்படுத்துங்கள், படத்தகடு பல்லுக்கு இணையாக இருக்கும் முறையில். முதல் நாள் கையால் பிடித்து எடுத்த படம், பன்னிரண்டாம் மாதம் ஹோல்டரில் எடுத்த படம், இரண்டையும் வைத்து 'வேர் நீளம் கூடியிருக்கிறது' என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கோணம் மாறினாலே நீளம் மாறித் தெரியும்.

வாய்க்குள் எடுக்கும் படங்களுக்கு மேக்ரோ லென்ஸும் வளையப் பிளாஷும் இருந்தால் நல்லது. கைப்பேசிதான் இருக்கிறதா? சரி, அதுவும் ஓடும். ஆனால் அழகூட்டும் வசதியை அணையுங்கள், இல்லாவிட்டால் ஈறின் நிறமே மாறிவிடும். கன்னம் விலக்கி, கண்ணாடி, கறுப்புப் பின்னணித் தகடு, எச்சில் உறிஞ்சி ஆகியவற்றைத் தயாராக வைத்து, நாற்காலி விளக்கை விலக்கிவிட்டு எடுங்கள். கண்ணாடியில் எடுத்த படத்தை அறிக்கைக்காகத் திருப்பிப் போட மறக்காதீர்கள். மறந்தால் 45 என்று எழுதியிருக்கும், படத்தில் 35 தெரியும்.

எடுத்ததும் கைப்பேசியில் வைத்திருக்கக்கூடாது. கிளினிக்கின் பாதுகாப்பான சேமிப்பில் மூலக்கோப்பாகவே ஏற்றிவிட்டுக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் உதவியாளருக்கு அனுப்பி, அவர் அதைக் கணினியில் ஏற்றுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். அதில் இரண்டு கெடுதல்: படம் சுருங்கித் தரம் போகிறது, நோயாளியின் வாய் யார் யார் கைப்பேசியிலோ கிடக்கிறது.

சிகிச்சை விவரத்தையும் அன்றே எழுதுங்கள். 'கால்வாய் கழுவப்பட்டது' என்பது போதாது. சோடியம் ஹைப்போகுளோரைட் 1.5 சதவீதம், 20 மில்லிலிட்டர், 5 நிமிடம். பிறகு இடிடிஏ 17 சதவீதம். உள்ளே வைத்த மருந்து எது, எத்தனை வாரம். இரத்தக் கசிவை உண்டாக்கும் நாளில் போட்ட மரத்துப்போகும் ஊசியில் இரத்தக்குழாய் சுருக்கி இருந்ததா, இல்லையா. இன்னொருவர் உங்கள் பத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே செய்ய முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

6. மறுபரிசோதனை: முடிவு தெரியும் வரை எழுதாதீர்கள்

மூன்று மாதத்தில் சீழ்த்துளை மூடிவிட்டது என்று உற்சாகத்தில் அனுப்பப்படும் அறிக்கைகள் ஏராளம். வேர் சிகிச்சையைப் பொறுத்தவரை ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2006இல் வெளியிட்ட தர வழிகாட்டியே குறைந்தது ஒரு வருடம் கழித்துப் பார்க்கச் சொல்கிறது, குணமடைவது தெளிவாகாவிட்டால் நான்கு வருடம் வரை. மறுவளர்ச்சிச் சிகிச்சைக்கு ஒரு வருடம் என்பது என் பார்வையில் அடிமட்டம். இரண்டு வருடம் இருந்தால்தான் வேர்ச்சுவர் தடித்ததா, இல்லையா என்று பேசவே முடியும்.

அதனால் சிகிச்சை முடிந்த நாளிலேயே மறுபரிசோதனைத் தேதிகளைப் போட்டுவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் ஜூன், டிசம்பர் விடுமுறைகளை ஒட்டிப் போட்டால் வருவார்கள். தேர்வு மாதங்களில் போட்டால் வரமாட்டார்கள், அதிலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வருடம் என்றால் கேட்கவே வேண்டாம்.

7. அடையாளங்களை நீக்குங்கள்

ஆய்விதழுக்கு அனுப்பும் கோப்புறையைத் தனியாகத் தொடங்கி, அதற்குள் அடையாளம் நீக்கிய பிரதிகளை மட்டும் வையுங்கள். மூலக்கோப்புகளில் கை வைக்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய இடங்கள் கண்ணுக்கு எளிதில் படாதவை. எக்ஸ்ரேயின் மூலையில் பதிந்திருக்கும் பெயரும் ஐசி எண்ணும். கோப்பின் பெயர். டைகாம் எனும் மருத்துவப் படக் கோப்பின் உள்தலைப்பில் மறைந்திருக்கும் பிறந்த தேதி. பவர்பாயின்ட்டில் ஓரத்தை வெட்டினால் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும், யார் வேண்டுமானாலும் இழுத்துத் திரும்பக் கொண்டுவரலாம். படத்தைப் படத் திருத்தியில் வெட்டிப் புதிய கோப்பாகச் சேமித்துவிட்டு, பிறகு ஆவணத்தில் சேருங்கள்.

முகப்படம் வேண்டுமென்றால் கண்மேல் கறுப்புப் பட்டை போடுவது பழைய வழக்கம். ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு அது போதாது என்று தெளிவாகவே சொல்கிறது. நம் கேஸுக்கு முகம் எதற்கு? தேவையில்லாத படத்தைச் சேர்க்காமல் விடுவதே மேல்.

எழுத்திலும் அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். 'தோ பாயோவில் வசிக்கும் 62 வயது இந்திய இனப் பெண் பேருந்து ஓட்டுநர்' என்று எழுதினால் பெயரே சொன்ன மாதிரிதான். இது சின்ன ஊர், தமிழர் வட்டம் அதைவிடச் சின்னது. வசிப்பிடம் வேண்டாம், வேலை வேண்டாம். வம்சாவளி மருத்துவக் காரணத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும். டென்ஸ் எவாஜினேட்டஸில் தேவைப்படும். தேதிகளுக்குப் பதில் 'முதல் நாள், 3ஆம் வாரம், 12ஆம் மாதம்' என்று எழுதுங்கள்.

8. தேடல்: எழுதும் முன் ஒரு முறை, அனுப்பும் முன் ஒரு முறை

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். நோயின் பெயர், பல்லின் வகை, சிகிச்சை என மூன்று சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். எந்தத் தேதியில், எந்தச் சொற்களால் தேடினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். 'எங்களுக்குத் தெரிந்தவரை இதுவே முதல் கேஸ்' என்று எழுத ஆசை வரும். தேடல் விவரம் இல்லாமல் அந்த வரியை எழுதினால் மதிப்பாய்வாளர் பழைய கேஸ் ஒன்றைத் தோண்டி எடுத்து முன்னால் வைப்பார். பெரும்பாலும் அந்த வரி தேவையே இல்லை.

சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டாதீர்கள். சுருக்கத்தில் 'வெற்றி' என்று இருக்கும். உள்ளே போனால் வெற்றி என்றால் வலி இல்லாததா, எக்ஸ்ரேயில் குணமானதா, வேர் வளர்ந்ததா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லியிருப்பார்கள்.

9. ஆய்விதழைத் தேர்ந்தெடுங்கள்

எழுதி முடித்த பிறகு தேடுவது தலைகீழ் வேலை. சொல் வரம்பு, பட எண்ணிக்கை, படிவம், சரிபார்ப்புப் பட்டியல் எல்லாம் ஆய்விதழுக்கு ஆய்விதழ் மாறும்.

முதலில், அவர்கள் கேஸ் ரிப்போர்ட் வாங்குகிறார்களா? நிறைய ஆய்விதழ்கள் நிறுத்திவிட்டன. அடுத்து, யார் பணம் கட்டுவது? யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க ஆய்விதழ்கள் எழுதுபவரிடம் கட்டணம் கேட்கும். எவ்வளவு என்று இணையப் பக்கத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொகை தெரியும் என்றால் விலகிவிடுங்கள்.

'மதிப்பிற்குரிய டாக்டர், உங்கள் அரிய படைப்பை அனுப்புங்கள், 5 நாளில் வெளியிடுகிறோம்' என்று வரும் மின்னஞ்சல்கள் எல்லாருக்கும் வரும். குப்பைத் தொட்டிக்கு அனுப்புங்கள். சந்தேகமாக இருந்தால் பப்மெட்டில் அந்த ஆய்விதழின் பெயரைத் தேடிச் சென்ற வருடக் கட்டுரைகள் வருகின்றனவா என்று பாருங்கள். பெரிய பதிப்பகத்தின் பெயர் மட்டும் காப்பாற்றாது: ஹிந்தாவி ஆய்விதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

10. இந்த வரிசையில் எழுதுங்கள்

முதலில் சரிபார்ப்புப் பட்டியலை எடுங்கள். பொதுவான கேஸ் ரிப்போர்ட்களுக்கு 2013இல் வந்த 'கேர்' வழிகாட்டி, 13 தலைப்புகள். வேர் சிகிச்சை என்றால் 'பிரைஸ் 2020'. எழுதி முடித்தபின் டிக் போட எடுப்பவர்கள்தான் அதிகம். அப்போது தெரியவரும் ஓட்டைகளை அடைக்க முடியாது.

பிறகு படங்கள். ஒரு கதைபோல வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். படங்களை மட்டும் பார்த்து ஒரு சக மருத்துவர் கேஸைச் சொல்ல முடிந்தால் பாதி எழுதியாயிற்று.

மூன்றாவது, காலவரிசை அட்டவணை: எப்போது, என்ன கண்டது, என்ன செய்தது. நான்காவதாகக் கேஸ் விவரிப்பு. இதில் கருத்தே கூடாது, நடந்தது மட்டும். 'நல்லவேளையாக', 'சிறப்பாகக் குணமடைந்தது' போன்றவற்றை நீக்குங்கள்.

ஐந்தாவது, கலந்துரையாடல். முதல் பகுதியில் எழுதிய அந்த ஒரே வாக்கியத்தை இங்கே எடுங்கள். அதற்குத் தொடர்பில்லாத எதையும் சேர்க்காதீர்கள். டென்ஸ் எவாஜினேட்டஸின் வகைப்பாடு முழுவதையும் ஒப்பிக்கும் மூன்று பத்திகளை நான் பல முறை அடித்து நீக்கியிருக்கிறேன்; பாடப்புத்தகத்தில் இருப்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கட்டும். உங்கள் கேஸின் குறைகளை நீங்களே சொல்லுங்கள்: முப்பரிமாண ஸ்கேன் எடுக்கவில்லை, இரண்டு வருடத்துக்கு மேல் பார்க்கவில்லை. 'இந்த மருந்தால்தான் குணமானது' என்று எழுத முடியாது. ஒரு நோயாளியை வைத்துக் காரணத்தை நிறுவ வழியில்லை. 'இந்தச் சிகிச்சைக்குப் பின் குணமடைந்தது' என்பதே சரி.

ஆறாவது, முன்னுரை. கலந்துரையாடலை எழுதியபிறகுதான் எதற்கு முன்னுரை தேவை என்பதே தெரியும். இரண்டு பத்தி போதும். ஏழாவது, நோயாளியின் பார்வை. கேர் பட்டியலில் அதுவும் உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள். சிறுமியின் அம்மா சொன்னதை நாலு வரியில் எழுதி, அவரிடம் காட்டிச் சரிபாருங்கள். கடைசியாகச் சுருக்கமும் தலைப்பும். தலைப்பில் 'கேஸ் ரிப்போர்ட்' என்ற சொல் இருக்க வேண்டும்.

மொழியைச் சீராக்க செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தினால் ஆய்விதழின் விதிப்படி அதைக் குறிப்பிடுங்கள். அந்தக் கருவியை ஆசிரியராகப் போட முடியாது. நோயாளியின் குறிப்பையோ படத்தையோ அதில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

11. ஆசிரியர் பட்டியலை முதல் வரி எழுதும் முன் பேசி முடியுங்கள்

கசப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான். முன்பு சொன்ன ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் விதி நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது: கருத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். கிளினிக் முதலாளி என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பது விதிமீறல். எக்ஸ்ரே எடுத்த உதவியாளருக்கு நன்றிப் பகுதி இருக்கிறது. நோயாளியைத் தொடர்ந்து பார்த்த சிறப்பு மருத்துவரை முன்பே கேட்டுவிடுங்கள். அவர் தன் பக்கத்திலிருந்து அதே கேஸை எழுதிக்கொண்டிருக்கவும் கூடும்.

12. அனுப்புங்கள், பதில் சொல்லுங்கள்

அனுப்பும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: அடையாளம் நீக்கிய கட்டுரை, தனித்தனிப் படக்கோப்புகள், சரிபார்ப்புப் பட்டியல், எல்லா ஆசிரியர்களின் ஆர்கிட் எண் (கட்டுரை எழுதுபவருக்கான தனி அடையாள எண்), எடிட்டருக்கு அரைப்பக்கக் கடிதம். சம்மதப் படிவத்தை ஆய்விதழ் கேட்டால் மட்டும் அனுப்புங்கள். அதில் நோயாளியின் பெயர் இருக்கிறது. மற்றபடி கிளினிக் கோப்பில் பத்திரமாக இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பக்கூடாது.

நிராகரிப்பு வந்தால் காரணத்தைப் படித்துவிட்டு அடுத்த ஆய்விதழின் வடிவத்துக்கு மாற்றுங்கள். திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி. ஒவ்வொரு கருத்தையும் அப்படியே நகலெடுத்து, கீழே உங்கள் பதில், மாற்றிய வரியின் எண். ஒத்துக்கொள்ள முடியாததை மரியாதையாக மறுக்கலாம், ஆதாரத்தோடு. '18ஆம் மாத எக்ஸ்ரேயைச் சேர்க்கவும்' என்று கேட்டு, உங்களிடம் அது இல்லை என்றால், இல்லை என்று எழுதுங்கள். நோயாளியை அறிக்கைக்காக மட்டும் அழைத்துக் கதிர்வீச்சு கொடுக்காதீர்கள். அடுத்த வழக்கமான வருகை எப்போது என்று குறிப்பிட்டால் எடிட்டர்கள் ஏற்றுக்கொள்வதே வழக்கம்.

வெளிவந்ததும் இணைப்பை நோயாளியின் குடும்பத்துக்கு அனுப்புங்கள், கிளினிக் கோப்பிலும் ஒரு பிரதி வையுங்கள். சிறுமியின் 35ஐ அடுத்த வருகையிலும் சோதித்துப் பாருங்கள். வேர் முற்றும்வரை அந்த ரெசின் தேய்கிறதா என்று கவனிக்க வேண்டியிருக்கிறது.